பாட்டியின் விரலை அறியாத அடுப்பு

பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்த என் மகன் புத்தகப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. சமையலறையிலிருந்து அவன் பாட்டியின் குரல் வந்தது. “ஐயா, வந்துட்டியா? இந்த அடுப்பைக் கொஞ்சம் போட்டு விடுப்பா.”

அடுப்பின் மேல் தண்ணீர் ஊற்றிய பாத்திரம் இருந்தது. பக்கத்தில் தேயிலை, சர்க்கரை, குவளை எல்லாம் தயாராக இருந்தன. நண்பகலுக்குச் சற்றுப் பின்னர் தேநீர் போட நினைத்தவர், மாலை மூன்றரை மணி வரை பேரனுக்காகக் காத்திருந்திருக்கிறார். ஒரு குவளைத் தேநீருக்காக மூன்று மணி நேரம்!

அடுப்பு கெட்டுப்போகவில்லை. காலையில் ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தபோது, துணி ஒரு குறியின் மேல் சில நொடிகள் அழுந்திவிட்டது. குழந்தைகள் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்திருக்கும் பூட்டு விழுந்துவிட்டது. மகன் அதே குறியை மூன்று நொடி தொட்டான். அடுப்பு வேலை செய்தது.

என் அம்மாவுக்கு வயது 76. கரி அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, எரிவாயு அடுப்பு என எல்லாவற்றிலும் சமைத்தவர். தீபாவளிக்கு நாற்பது பேருக்குத் தனியாளாகச் சமைத்த கை அது. அன்று அவர் சொன்னார்: “எனக்கு வயசாயிடுச்சு. இதெல்லாம் இனிமே எனக்குப் புரியாது.”

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தச் சொற்கள்தான். அம்மாவுக்கு வயதாகிவிட்டது உண்மை. ஆனால், பிழை அவரிடம் இல்லை. அந்த அடுப்பின் வடிவமைப்பில் இருக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அறிவியல் காரணங்கள் உண்டு. அவற்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், நாளை இத்தகைய கருவிகளை வடிவமைக்கப் போகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம்.

‘டக்’ என்று பதில் சொல்லும் குக்கர்

முதலில் ஒரு பழைய கருவியைப் பார்ப்போம். ஒரே ஒரு நெம்புகோலைக் கீழே தட்டினால் வேலை செய்யும் சாதாரண ரைஸ் குக்கரை உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பார்த்திருப்பீர்கள். அதற்குள் கணினிச் சில்லு எதுவும் இல்லை. ஆனாலும், சோறு வெந்துவிட்டது என்று அதற்குத் தெரிகிறது. எப்படி?

பானையின் அடிப்பகுதியை ஒட்டி, காந்தத்தால் ஈர்க்கப்படும் ஒரு சிறு துண்டு இருக்கிறது. நீங்கள் நெம்புகோலைத் தட்டும்போது ஒரு காந்தம் மேலே சென்று அதனுடன் ஒட்டிக்கொள்கிறது. மின்சாரம் பாய்கிறது. பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். கூடுதலாகத் தரும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும்.

அரிசி நீரை உறிஞ்சி, மிச்ச நீரும் ஆவியானதும் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டும். சுமார் 103 டிகிரியில் அந்தத் துண்டு தன் காந்தத் தன்மையை இழக்கிறது. காந்தப் பொருள்கள் இப்படி ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காந்தத் தன்மையை இழப்பதை ஆராய்ந்த பியேர் கியூரியின் பெயரால் அதைக் கியூரி வெப்பநிலை என்கிறோம். பிடிப்பு போனதும் காந்தம் விலகுகிறது. நெம்புகோல் ‘டக்’ என்று மேலே எழும்புகிறது. சோறு தயார்.

இதில் நான் சொல்ல வருவது பழமையின் பெருமை அன்று. அந்த நெம்புகோலைக் கவனியுங்கள். அது கீழே இருந்தால் சமைக்கிறது, மேலே இருந்தால் முடிந்தது. கண்ணால் பார்க்கலாம். இருட்டில் கையால் தடவிப் பார்க்கலாம். அடுத்த அறையிலிருந்து அந்த ‘டக்’ ஒலியைக் கேட்கலாம். தட்டும்போது விரலுக்கு ஓர் எதிர்ப்பு தெரியும். பிறகு அது சட்டென்று விழுவதும் தெரியும். ஒரே பாகம் கண், காது, கை மூன்றுக்கும் பதில் சொல்கிறது.

இப்படிக் கருவி பயனாளருக்குத் திருப்பிச் சொல்லும் பதிலைத்தான் வடிவமைப்பாளர்கள் பின்னூட்டம் என்கிறார்கள். பின்னூட்டம் இல்லாத கருவியோடு பழகுவது, பதில் பேசாத ஆளோடு தொலைபேசியில் பேசுவதைப் போன்றது. “கேட்கிறதா, கேட்கிறதா?” என்று மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டே இருப்போம்.

கண்ணாடிக்கு அடியில் நடப்பது என்ன?

இப்போது அம்மாவின் புதிய அடுப்புக்கு வருவோம். மேலே வழவழப்பான கறுப்புக் கண்ணாடி. அதில் பொத்தான் எதுவும் இல்லை. சாம்பல் நிறத்தில் சில குறிகள் மட்டும் அச்சிடப்பட்டிருக்கின்றன.

ஒவ்வொரு குறிக்கும் அடியில், மின்சாரத்தைக் கடத்தும் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அது சிறிதளவு மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கக்கூடியது. நம் உடலில் உப்பும் நீரும் நிறைய இருப்பதால் அதுவும் மின்சாரத்தைக் கடத்தும். விரல் கண்ணாடியைத் தொடும்போது, அந்தத் தகட்டின் மின்தேக்குத் திறன் சற்று மாறுகிறது. உள்ளே இருக்கும் சில்லு அந்த மாற்றத்தை இடைவிடாமல் அளக்கிறது. மாற்றம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், ‘யாரோ தொட்டுவிட்டார்கள்’ என்று முடிவு செய்கிறது.

அதாவது, அந்த அடுப்பு விரலின் அழுத்தத்தை அளக்கவில்லை, மின்மாற்றத்தை அளக்கிறது. எவ்வளவு பலமாக அழுத்தினாலும் அதற்குத் தெரியாது. பல ஆண்டுகள் உழைத்துக் காய்த்துப்போன, உலர்ந்த விரல்நுனி சில நேரங்களில் போதிய மாற்றத்தை உண்டாக்குவதில்லை. ஈரத்துணியோ பொங்கி வழிந்த பாலோ தேவையற்ற மாற்றத்தை உண்டாக்கிவிடுகிறது. பாட்டி தொட்டால் கேட்காத அடுப்பு, பால் தொட்டால் கேட்கிறது!

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. என் வாதத்தின் மையமே அதுதான். சாதாரணப் பொத்தானில் தொடுவது வேறு, அழுத்துவது வேறு. நீங்கள் விரலால் தடவித் தேடலாம், சரியான பொத்தானின் மேல் விரலை வைத்து யோசிக்கலாம், பிறகு அழுத்தலாம். கண்ணாடிப் பலகையில் தொடுவதே கட்டளை. தேடினாலே ஏதோ ஒன்று இயங்கிவிடும். தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் உரிமையை அது கையிடமிருந்து பறித்துவிடுகிறது.

உங்கள் கணினியின் விசைப்பலகையில் ‘எஃப்’, ‘ஜே’ எழுத்துகளின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். சிறிய மேடு ஒன்று தட்டுப்படும். பார்க்காமலேயே விரல்களைச் சரியான இடத்தில் வைக்க உதவும் மேடு அது. கண்பார்வை நன்றாக இருக்கும் உங்களுக்கே அந்த மேடு பயன்படுகிறது. பார்வை குறைந்தவருக்கு அது எவ்வளவு தேவை என்று எண்ணிப் பாருங்கள்.

காதும் கண்ணும் மாறுகின்றன

“பொத்தான் இல்லாவிட்டால் என்ன, கருவிதான் ‘பீப்’ என்று ஒலி எழுப்புகிறதே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

பல வீட்டுச் சாதனங்களில் ஒலி எழுப்புவது ஒரு மெல்லிய பீங்கான் வில்லை. மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். விலை மலிவு, இடமும் குறைவு. ஆனால், அத்தகைய வில்லைகள் பெரும்பாலும் நொடிக்கு 2,000 முதல் 4,000 முறை அதிரும்போதுதான் நன்றாக ஒலிக்கின்றன. கீச்சென்ற ஒலி அது.

வயதாகும்போது மனிதக் காது முதலில் இழப்பது உயர் அதிர்வெண் ஒலிகளைத்தான். நம் உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஒரு பகுதி இருக்கிறது. அதன் தொடக்கத்தில் உள்ள நுண்ணிய உயிரணுக்கள் உயர்ந்த ஒலிகளை உணர்கின்றன; உள்ளே போகப் போகத் தாழ்ந்த ஒலிகளை உணர்கின்றன. முதுமையில் பெரும்பாலும் தொடக்கத்தில் உள்ளவையே முதலில் பழுதடைகின்றன. அதனால், பேரன் பேசுவது கேட்கும் பாட்டிக்குச் சலவை இயந்திரத்தின் ‘பீப்’ கேட்காமல் போகலாம். அவர் கவனிக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

கண்ணிலும் இதே கதைதான். வயதாக ஆக, விழியின் வில்லையில் மஞ்சள் நிறம் ஏறுகிறது. உள்ளே செல்லும் ஒளி குறைகிறது. கறுப்புக் கண்ணாடியில் சாம்பல் நிறக் குறி உங்களுக்கு அழகாகத் தெரியும். அவருக்கு அது இருட்டில் இருக்கும் நிழல்.

ஆக, ஒரே கருவி விரலையும் காதையும் கண்ணையும் ஒருசேரக் கைவிடுகிறது. அதன் பிறகு அதைப் பயன்படுத்த முடியாதவரைப் பார்த்து, “பாட்டிக்குத் தொழில்நுட்பம் தெரியாது” என்கிறோம்.

மறுபக்கமும் உண்டு

நவீனச் சாதனங்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவின் புதிய அடுப்பில் தீ இல்லை. அது காந்தப்புலத்தால் பாத்திரத்தையே நேரடியாகச் சூடாக்குகிறது. பாத்திரத்தை எடுத்துவிட்டால் தானாகவே நின்றுவிடும். மறதி உள்ள முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! இன்றைய குளிர்சாதனப் பெட்டிகள் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துகின்றன. இவையெல்லாம் உள்ளே இருக்கும் சில்லுகளால் கிடைத்த நன்மைகள். பழைய மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரும்ப வேண்டும் என்று அம்மாகூடச் சொல்லமாட்டார்.

தயாரிப்பாளர்கள் கண்ணாடிப் பலகையை விரும்புவதற்கும் காரணம் உண்டு. அசையும் பாகங்கள் இல்லை, அதனால் தேய்மானம் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே போக இடுக்கு இல்லை. ஒரே துடைப்பில் சுத்தமாகிவிடும். கடையில் பார்க்கவும் பளபளப்பாக இருக்கும்.

ஆனால், இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உள்ளே சில்லு இருப்பதால் வெளியே கண்ணாடிதான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. திருகும் குமிழாலும் சில்லுக்குக் கட்டளை கொடுக்கலாம். குமிழ் எத்தனை படி திரும்பியது என்பதை எண்ணிச் சொல்லும் சிறு உணர்கருவிகள் நெடுங்காலமாகவே இருக்கின்றன. குமிழ் வைத்த மின்காந்த அடுப்புகளும் விற்பனையில் உள்ளன. எனவே, ‘புதியதா, பழையதா’ என்பது கேள்வியே அன்று. ‘கைக்குப் புரிகிறதா, இல்லையா’ என்பதே கேள்வி.

மாலுமிகளும் தடுமாறினார்கள்

இது முதியோருக்கு மட்டுமான சிக்கல் என்று எண்ணிவிடாதீர்கள். நம் கடற்பகுதிக்கு அருகில் நடந்த ஒரு விபத்து வேறு கதை சொல்கிறது.

2017 ஆகஸ்ட் 21 அன்று, பொழுது விடியும் முன்பு, சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிக்கொண்டிருந்த ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல், ‘அல்னிக் எம்சி’ என்ற எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. பத்து மாலுமிகள் உயிரிழந்தனர். அந்தப் போர்க்கப்பலின் திசையையும் வேகத்தையும் தொடுதிரைகள் மூலம் கட்டுப்படுத்தினார்கள். ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்குக் கட்டுப்பாட்டை மாற்றும்போது குழப்பம் ஏற்பட்டது. எந்தத் திரை எதைக் கட்டுப்படுத்துகிறது என்பது மாலுமிகளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

பயிற்சிக் குறைவு உட்படப் பல காரணங்களை விசாரணை எடுத்துக்காட்டியது. அவற்றில் அந்தத் திரைகளின் வடிவமைப்பும் ஒன்று. 2019ல் அமெரிக்கக் கடற்படை, அவ்வகைக் கப்பல்களில் வேகத்தைக் கட்டுப்படுத்த மீண்டும் கையால் தள்ளும் நெம்புகோல்களையே பொருத்தப்போவதாக அறிவித்தது. நெம்புகோல் எந்த நிலையில் இருக்கிறது என்பது அறையில் உள்ள எல்லாருக்கும் ஒரே பார்வையில் தெரியும். நம் ரைஸ் குக்கரைப் போலவே!

கார் உலகிலும் இந்தத் திருப்பம் தொடங்கிவிட்டது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, திசைகாட்டும் விளக்கு, ஒலிப்பான், மழைத்துடைப்பான் போன்ற முக்கியக் கட்டுப்பாடுகளுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருப்பதை 2026 முதல் தன் மதிப்பீட்டில் சேர்த்துள்ளது. எல்லாவற்றையும் திரைக்குள் ஒளித்து வைத்தால் முழு நட்சத்திரம் கிடைப்பது கடினம்.

கப்பலுக்கும் காருக்கும் கிடைத்த இந்தப் பாடம் சமையலறைக்கு ஏன் இன்னும் வந்து சேரவில்லை?

சமைப்பவரைக் கேட்ட பொறியாளர்

ஒரு காலத்தில் சமையலறைக்கு இந்தப் பாடம் தெரிந்தே இருந்தது. 1955ல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் தானாக நின்றுவிடும் மின்சார ரைஸ் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் யோஷித்தாடா மினாமி என்ற சிறு தொழிற்சாலை உரிமையாளர். பானையைச் சோதித்துப் பார்த்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. மீண்டும் மீண்டும் சோறு சமைத்து, வெப்பநிலையைக் குறித்து, எது சரி, எது தவறு என்று சொன்னவர் அவர்தான். சமைப்பவரே சோதனையாளராக இருந்தார்.

இன்றும் வழிகாட்டுதலுக்குப் பஞ்சமில்லை. வீட்டுச் சாதனங்களின் ஒலி முதியவர்களுக்கும் கேட்கும்படி எப்படி அமைய வேண்டும் என்பதற்கு 2010லேயே அனைத்துலகத் தர நிர்ணய அமைப்பு ஓர் ஆவணத்தை வெளியிட்டது. பொத்தான்களில் தொட்டு உணரும் புள்ளிகளை எப்படி வைப்பது என்பதற்கு 2011ல் இன்னொன்று வந்தது. வழி தெரியாமல் இல்லை. கேட்பவர்கள்தான் குறைவு.

சிங்கப்பூரில் 2008 முதல் குளிர்சாதனப் பெட்டிகளிலும் குளிரூட்டிகளிலும் மின்சேமிப்பு முத்திரை கட்டாயம். எத்தனை ‘டிக்’ என்று பார்த்து வாங்குகிறோம். அந்த முத்திரை வந்ததால்தான் மின்சாரச் செலவு என்பது கடையிலேயே கண்ணுக்குத் தெரியும் விஷயமாயிற்று. அதுபோல, கைக்கும் காதுக்கும் கண்ணுக்கும் ஒரு முத்திரை ஏன் இருக்கக் கூடாது? பார்க்காமல் இயக்க முடியுமா, ஒலி தாழ்வாக இருக்கிறதா, எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று மூன்று ‘டிக்’ போதும். 2030க்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவராக இருப்பார். இது ஒரு சிறு கூட்டத்துக்கான சலுகை அன்று.

உங்கள் பங்கு

முத்திரை வரும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு.

ஒன்று, கடைக்குப் போகும்போது பெற்றோருடன் நீங்களும் போங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் சாதனத்தின் முன் நின்று கண்ணை மூடிக்கொண்டு, அதை இயக்கவும் நிறுத்தவும் முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், குமிழோ பொத்தானோ உள்ள வகை இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். பலர் கேட்டால்தான் கடைக்காரர் தயாரிப்பாளரிடம் சொல்வார்.

இரண்டு, வீட்டில் உள்ள சாதனங்களுக்கு அடையாளம் வையுங்கள். பொத்தான் உள்ளவற்றில், அடிக்கடி பயன்படும் ஒரே ஒரு பொத்தானின் மேல் மேடான ஒட்டுப்புள்ளி ஒன்றை ஒட்டலாம். கண்ணாடிப் பலகை என்றால் குறியின் மேல் ஒட்டாதீர்கள். விரல் தேடும்போதே அது இயங்கிவிடும். குறிக்கு நேராக, வெளி விளிம்பில் ஒட்டுங்கள். எல்லாப் பொத்தானுக்கும் ஒட்டினால் எதுவும் விளங்காது. ஒன்றோ இரண்டோ போதும்.

மூன்று, வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நீங்கள் ஒரு பொருளை உருவாக்கும்போது, அதை வகுப்பு நண்பரிடம் மட்டும் கொடுத்துச் சோதிக்காதீர்கள். பாட்டியிடமோ தாத்தாவிடமோ கொடுங்கள். எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கேதான் உங்கள் வடிவமைப்பின் பிழை இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதுதான் கடினமானது. பாட்டி அடுப்பின் முன் தடுமாறும்போது, “நகருங்க பாட்டி, நானே போட்டுத் தரேன்” என்று சொல்லத் தோன்றும். அது அன்புதான். ஆனால், ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்தால், அவர் தம் சமையலறையிலேயே விருந்தாளி ஆகிவிடுவார். அவசரம் இல்லாத நேரத்தில் பக்கத்தில் நின்று, அவர் விரலாலேயே செய்ய விடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது அடுப்பின் விளிம்பில் இரண்டு ரப்பர் புள்ளிகள் இருக்கின்றன. ஒன்று இயக்குவதற்கு, இன்னொன்று பூட்டைத் திறப்பதற்கு. மகன்தான் ஒட்டினான். முதல் முறை தவறான இடத்தில் ஒட்டிவிட்டான். அம்மா தடவிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைய்யா” என்றார். வடிவமைப்பைத் திருத்தியது அவர்தான்.

நேற்று மாலை மகன் பள்ளியிலிருந்து வந்தபோது, அவனுக்கும் சேர்த்துத் தேநீர் தயாராக இருந்தது.